படவிழாவுக்கு அனுப்பித் தருகிறோம் என்று 47,200 ரூபாய்! அனிமேஷன் படம் செய்பவர்கள் கொஞ்சம் படித்துவிடுங்கள்

நேற்று இரவு பதினொன்றரைக்கு அந்த மெசேஜ் வந்தது. "உங்கள் பேக்கேஜ் காலம் முடிந்தது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி." 47,200 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அந்த நன்றிதான். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் விடுவோம் என்று ஏற்கெனவே ஒரு முறை மிரட்டிவிட்டார்கள். குறும்படங்களை வெளிநாட்டுப் படவிழாக்களுக்கு அனுப்பித் தருகிறோம் என்று ரீல்ஸுக்கு நடுவில் விளம்பரம் வருமே, அந்த வகையறா. சென்னை முகவரி, சிரித்த முகமாக நாலு பேர் போட்டோ. இவர்களிடம் போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு ஆத்தங்குடிப் பக்கம். அப்பா தரைக்கல் போடுகிறவர். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கும் அந்தக் கல். சுடுவதே கிடையாது. அம்மா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஆள் வந்து திறக்கிற வீடு. சின்ன வயதில் அம்மாவோடு போய் அந்த வீட்டுக் கூடமான பட்டாலையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். என் படம் அந்த வீட்டு முற்றத்து ஓரத்தில் கிடக்கிற ஒரு பூக்கல்லின் கதை. மேலே நடந்த காலெல்லாம் எங்கே போயின என்று அது யோசிக்கும். அவ்வளவுதான் கதை.

6 நிமிடம் 40 வினாடி. சினிமாவில் வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். அப்படிக் கணக்குப் போட்டாலே 4,800. அசையாமல் நிற்கிற இடம், திருப்பித் திருப்பிப் போட்ட நடை எல்லாம் கழித்தாலும் மூவாயிரத்துச் சொச்சம் என் கையால் வரைந்தவை. காலை வெயில் முற்றத்திலிருந்து தரைக்கு ஏறி வருகிற 22 வினாடிக்கு மட்டும் 264 நிழல் வரைந்தேன். பகலில் காரைக்குடியில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, ராத்திரியில் இது. இரண்டரை வருடம். வரைகிற மென்பொருள் கிரீட்டா இலவசம், பிளெண்டர் இலவசம், பென் டேப்லெட் ஒரு அண்ணன் வேண்டாம் என்று கொடுத்தது. பத்துப் பைசா செலவில்லாமல் படத்தைச் செய்தவள், அதை அனுப்பி வைக்கப் போய்த்தான் காசைத் தொலைத்தேன்.

பிப்ரவரியில் படம் முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. 1940களில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்த காரைக்குடியில், குறும்படத்தை எங்கே அனுப்புவது என்று கேட்டால் "யூட்யூப்ல போடும்மா" என்பதற்கு மேல் பதில் சொல்ல எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அப்போதுதான் அந்த விளம்பரம். ஃபார்ம் நிரப்பினேன், டிரெய்லர் லிங்க் கொடுத்தேன், பாஸ்வேர்டு போட்ட முழுப்பட லிங்க்கும் கொடுத்தேன்.

மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். குரல் அப்படியே வானொலி அறிவிப்பாளர் குரல். "மேடம், ராத்திரி ரெண்டு தடவை பார்த்தேன். அந்த ஆச்சி திண்ணையில உக்காந்து ஓலைக் கொட்டான் முடையிற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காட்சி படத்தில் இல்லை.

ஆச்சியின் விரல், ஓலை ஒன்றுக்குள் ஒன்று போவது, சாயம் ஏறிய ஓலை வெயிலில் மினுக்குவது எல்லாம் வரைய நாற்பது நாள் ஆனது. படத்தின் ஓட்டத்தை அது இழுத்துப் பிடிக்கிறது என்று கடைசி வாரத்தில் நானே வெட்டி எடுத்தேன். வெட்டிவிட்டு அழுதேன். டிரெய்லரில் மட்டும் மூன்று வினாடி விட்டு வைத்திருந்தேன். இந்த மனிதர் அதைச் சொன்னதும் என் மூளைக்குள் மணி அடித்திருக்க வேண்டும். அடித்தது. "டிரெய்லரையும் சேர்த்துப் பார்த்திருப்பார் போல" என்று நானே அதன் வாயைப் பொத்தினேன். வெட்டிப் போட்ட காட்சிக்கு ஒருவர் கண் கலங்குகிறார் என்றால், அதை வரைந்தவளுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்! அந்த நிமிடம் ஒரு லட்சம் கேட்டிருந்தாலும் புரட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கேட்டது 40,000. முப்பது விழாக்கள், நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்குள். 18 சதவீத ஜிஎஸ்டி 7,200. ஆக 47,200. அம்மா மாதம் 2,500 கட்டுகிற 20 மாதச் சீட்டு ஒன்பதாவது மாதத்தில் இருந்தது. அம்பதாயிரம் சீட்டை நாலாயிரம் தள்ளி எடுத்து 46,000 கையில் கொடுத்தார். மீதி 1,200 என்னுடையது. இரண்டு தவணையாக ஜிபேயில் போட்டேன். "இந்தக் கல்லுக்கு வெளிநாடு போகணும்னு எழுதியிருக்கு பாரேன்" என்றார் அப்பா. அவர் போட்ட கல் ஏற்கெனவே எத்தனையோ ஊர் போயிருக்கிறது, அது வேறு விஷயம்.

பட்டியல் பிடிஎஃபில் வந்தது. முதல் வரியில் பிரான்ஸ் நாட்டு ஆன்சி. அனிமேஷனுக்கென்றே 1960லிருந்து நடக்கும் விழா. கீழே ஜாக்ரெப், ஒட்டாவா, ஹிரோஷிமா. பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. ஹிரோஷிமாவில் 1985இல் தொடங்கிய அந்தச் சர்வதேச அனிமேஷன் விழா 2020ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது ஐந்து மாதம் கழித்து. செத்துப்போன விழாவுக்கு என் படத்தை அனுப்ப என்னிடமே கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்! மும்பையில் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கென்று 1990லிருந்து அரசு நடத்துகிற விழா இருக்கிறதே, அது பட்டியலில் எங்குமே இல்லை.

ஏப்ரலில் கேட்டேன்: "அனுப்பியாச்சு மேடம், விழாக்காரங்க பாத்துட்டிருக்காங்க." மே: "அங்க இப்ப லீவு சீசன்." ஜூன்: "சிஸ்டம் அப்டேட் நடக்குது." அனுப்பியதற்கு ஒரு ரசீது, ஒரு ஸ்கிரீன்ஷாட், எதையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். "அது எங்க கம்பெனி ரகசியம் சிஸ்டர்" என்றார். அதுவரை மேடம். அன்றிலிருந்து சிஸ்டர். வானொலிக் குரல் ஜூலையில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. அலுவலக எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "அக்கா, நான் வந்து பத்து நாள்தான் ஆச்சு. வர்ற போனை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான் தெரியும்" என்றாள். அவளைத் திட்ட மனசு வரவில்லை. எழுதிக்கொள்ளம்மா, 47,200 என்று மட்டும் சொன்னேன்.

ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நாலு விருது வந்தது! மாதா மாதம் நடக்கிற இணைய விழாக்கள். தியேட்டர் கிடையாது, திரையிடல் கிடையாது, நடுவர் யார் என்று கிடையாது. அறுபது எழுபது பிரிவு வைத்து, அனுப்புகிற எல்லோருக்கும் இரண்டு பக்கம் இலை போட்ட ஒரு விருது முத்திரையை அனுப்பிவிடுகிறார்கள். கோப்பை வேண்டுமென்றால் தனியாக 150 டாலர். அதில் ஒன்றில் என் படம் "சிறந்த நடிகர்" பிரிவில் இறுதிச் சுற்று. என் படத்தில் நடித்தது ஒரு தரைக்கல். அப்பாவிடம் காட்டினேன், அவர்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதற்கு நடுவில், ஏதாவது ஒரு விழாவில் தேர்வானால் டிசிபி வேண்டும், இப்போதே செய்து வைத்துவிடலாம், 12,000 என்று ஒரு மெயில். டிசிபி என்பது தியேட்டர் புரொஜெக்டருக்குப் போகிற வடிவம். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாகச் சுருக்கி உள்ளே இருக்கும். தேர்வான பிறகுதான் கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, என் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒரு ராத்திரியில் செய்துவிட்டேன். அந்த 12,000மாவது தப்பியது.

பிறகுதான் புத்தி வந்து அந்த முழுப்பட லிங்க்கின் கணக்கைத் திறந்து பார்த்தேன். யார் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று காட்டும். இதை நான் மார்ச்சிலேயே செய்திருக்கலாம், என் மடத்தனம். மொத்தம் 3. மூன்றும் காரைக்குடி. மூன்றும் நான்தான், லிங்க் வேலை செய்கிறதா என்று பார்த்தது. "ராத்திரி ரெண்டு தடவை" பார்த்த அந்த மனிதர் ஒரு தடவைகூட அந்த லிங்க்கைத் தொடவில்லை. முப்பது விழாவில் ஒருவரும் தொடவில்லை. நான் வரைந்த 264 நிழலில் ஒன்றைக்கூட ஒருத்தரும் பார்க்கவில்லை.

சரி, பில்லாவது இருக்கிறதே என்று எடுத்தேன். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து வேண்டும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். இவர்கள் போட்டதை விரல் விட்டு எண்ணினேன். 14. அந்த 7,200 ரூபாய் எந்த அரசாங்கத்துக்குப் போனதோ.

இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பணம் போன உடனே சொல்லியிருந்தால் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம், ஆறு மாசம் ஆயிருச்சேம்மா, நீங்களே விரும்பி அனுப்பின பணம் வேற என்றார். இணையத்தில் புகார் எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்திருக்கிறேன். இதைச் சொன்னதற்குத்தான் அந்த வக்கீல் நோட்டீஸ் மிரட்டல், அப்புறம் நேற்று ராத்திரி நன்றி. சீட்டுக்கு இன்னும் 5 தவணை பாக்கி.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், விடிந்தே விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். விழாவின் சொந்த இணையதளத்துக்கே போய் நீங்களே படத்தை ஏற்றுங்கள், பெரிய வித்தை எதுவும் இல்லை. சில விழாக்களுக்குக் கட்டணமே கிடையாது. பட்டியல் கொடுத்தால் ஒவ்வொரு விழாவும் போன வருடம் எந்தத் தியேட்டரில் நடந்தது என்று தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயர் என்று வந்துவிடும், லாகின்கூட வேண்டாம். உங்கள் படத்தைப் புகழ்ந்தால் எத்தனையாவது நிமிடத்தில் வரும் காட்சி என்று கேளுங்கள். பணம் போனால் அன்றைக்கே 1930.

இதே மாதிரி யாரிடமாவது பில் வாங்கியிருந்தால் அந்த ஜிஎஸ்டி எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன். எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும், இரண்டு பத்திரிகை புரூஃப் பாக்கி.