மீன் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி 385,000 ரூபாவை விட்ட கதை: வாடிக்காரர் கவனம்

வாழைச்சேனைப் பக்கம் மீன் வாடி வைச்சிருக்கிற, கொழும்புக்கு மீன் ஏத்துற ஆக்கள் இதை முழுக்க வாசியுங்க. 385,000 ரூபா. எழுத்திலயும் சொல்றன், மூண்டு லட்சத்து எண்பத்தையாயிரம். பெட்டி எண்ணுற ஸ்டிக்கருக்கும் மிஷினுக்கும் குடுத்த அந்தக் காசு இனித் திரும்பாது எண்டு நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு விளங்கினது. ராத்திரி நித்திரை இல்ல. கோவம் ஆற முதல் எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்க. இப்படிச் சாமான் வாங்க முதல் என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியில விபரமாப் போடுறன்.

துறைமுகத்தில மீன் எடுத்து, பெட்டியில ஐஸ் போட்டு அடைச்சு, பின்னேரம் லொறியில ஏத்தினா புனானை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை எல்லாம் தாண்டி நடுச்சாமத்துக்குப் பிறகு பேலியகொடை மீன் சந்தை. மீன் வித்துப்போகும், காசும் முன்னப்பின்ன வரும். பெட்டிதான் வராது. அறுபது போனா ஐம்பத்திரண்டு வரும், அதிலயும் ரெண்டு வேற ஆரோ முதலாளிட பெட்டி. பெயின்டால பேர் எழுதிப் பாத்தன், உரஞ்சி எடுத்துப்போடுறாங்க. டிரைவரைக் கேட்டா "நான் அறுபதும் இறக்கினன் முதலாளி" எண்டுறான். சந்தையில கேட்டா "ஐம்பத்தஞ்சுதான் வந்தது" எண்டுறாங்க. ஆரை நம்புற?

இந்த நேரத்திலதான் போனில அந்த விளம்பரம் வந்தது. கடைட பேர் போடமாட்டன், போடவேண்டாம் எண்டு தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தர் சொல்லிட்டார். கொழும்பில இருந்துகொண்டு ஒன்லைனில கணினிச் சாமான், கமரா, ஜிபிஎஸ் எல்லாம் விக்கிற ஒரு கடை எண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்க. ஆர்.எஃப்.ஐ.டி எண்டு ஒண்டு, பெட்டியில ஸ்டிக்கர் ஒட்டினாக் காணும், வாசலில மிஷின் தானா எண்ணும், பெட்டி எங்க நிண்டாலும் போனில காட்டும் எண்டு கிடந்தது.

கடைட ஆள் வீட்டுக்கே வந்தான். முப்பது வயசு இருக்கும், நல்ல மரியாதை. எங்கட உம்மாவை "உம்மா" எண்டு கூப்பிட்டு, பிளேன்டீ குடிச்சு, பகல் சாப்பாடும் சாப்பிட்டுத்தான் போனான். வால்மார்ட் கதை சொன்னான். அமெரிக்காவில அந்தக் கம்பெனி தனக்குச் சாமான் குடுக்கிற பெரிய ஆக்கள் நூறு பேரை 2005 ஜனவரியில இருந்து பெட்டிக்குப் பெட்டி இந்த டேக் ஒட்டச் சொன்னதாம். அது உண்மைதான், பிறகு தேடிப் பாத்தன். உண்மையையும் பொய்யையும் சேத்துக் குழைக்கிறவனை எப்படிப் பிடிக்கிற?

காட்டின விதத்தைத்தான் நீங்க கவனிக்கவேணும். வாடியில இருந்து வெறும் பெட்டி பத்து எடுக்கச் சொன்னான். "ஈரம் இருந்தா பசை ஒட்டாது அண்ணன்" எண்டு துடைக்கச் சொன்னான். என்ட மகன் சாரம் ஒண்டால துடைச்சு வெயிலில வைச்சான். ஸ்டிக்கர் ஒட்டி விறாந்தையில அடுக்கிப்போட்டு, நாலு மீற்றருக்கு அங்கால நிண்டு ரீடரை, அதாவது ஸ்டிக்கரை வாசிக்கிற மிஷினை, பிடிச்சான். டிக் டிக் டிக் எண்டு பத்தும் லப்டொப்பில வந்தது. ஒரு பெட்டியை விளிம்பில ரெண்டு விரலால தூக்கி நடந்தும் காட்டினான், அதுவும் வந்தது. உம்மா "அல்லாஹ்வே" எண்டு சிரிச்சா. நான் அந்த இடத்திலயே விழுந்திட்டன்.

அண்டைக்கே ரெண்டு லட்சம் கையில குடுத்தன். ரசீது கேக்கல்ல. சாப்பிட்ட மனிசனிட்ட ரசீது கேக்க வாய் வரல்ல எனக்கு. மிச்சம் 185,000 வங்கியால போட்டன், கடைட பேரில இல்லாம ஒரு தனியாள்ட கணக்குக்கு. அதையும் அப்ப யோசிக்கல்ல. 385,000க்கு வந்தது ஒரு ரீடர், ரெண்டு அன்டெனா, ஐந்நூறு ஸ்டிக்கர், ஒரு வருசத்துக்கு சொப்ட்வெயார்.

முதல் லோட். அறுபது பெட்டி, சூரையும் பாரையும், வாய் வரைக்கும் ஐஸ். வாசலால ஏத்தினம். மிஷின் சொல்லுது முப்பத்தொண்டு. அதில பதினேழுதான் லொறிக்குள்ள போன பெட்டி. மற்றப் பதினாலும் சுவருக்கு அங்கால வெறுமனே அடுக்கிக் கிடந்த காய்ஞ்ச பெட்டி! மீன் இருக்கிறதை எண்ணாது, மீன் இல்லாததை எண்ணும். பேலியகொடையால திரும்பி வந்த பெட்டியில பாதிக்கு ஸ்டிக்கரே இல்ல. ஒண்டு மட்டும் தொங்கிக்கொண்டு கிடந்தது. காகிதம் ஊறி உரிஞ்சு, உள்ளுக்க வெள்ளிக் கம்பி புழு ஊர்ந்த தடம் மாதிரித் தெரியுது, அதில மீன் செதிள் ஒட்டிக் கிடக்கு. அதைத்தான் நான் இத்தினை காசு குடுத்து வாங்கினன்.

கோல் எடுத்தன். முதல் நாள் "வைஃபை வீக் அண்ணன்". ரெண்டாம் நாள் "அன்டெனாவைக் கொஞ்சம் சரிச்சு வைச்சுப் பாருங்க". பிறகு "டெக்னிக்கல் ஆக்கள் வியாழக்கிழமை வாறாங்க". மூண்டு வியாழன் போச்சு. பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்து "சேர் மீட்டிங்ல". ஒருநாள் அவனே எடுத்துச் சொல்றான், "ஐஸைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, ஒழுங்கா வாசிக்கும்" எண்டு. ஐஸைக் குறைச்சா பேலியகொடையில மீனை ஆர் வாங்குற, அவனா? அதோட வட்ஸ்அப்பில நீல டிக் மட்டும்தான், பதில் இல்ல.

நேற்று மருமகன் வந்தான், வந்தாறுமூலைக் கம்பஸில படிக்கிறவன். பெட்டி ஒண்டைத் துடைச்சு ரீடரைப் பிடிச்சான், டிக் டிக் எண்டு அடிச்சது. ஸ்டிக்கருக்கு மேல உள்ளங்கையை விரிச்சு வைச்சான். சத்தம் நிண்டது. எடுத்தான், அடிச்சது. வைச்சான், நிண்டது.

"மாமா, இந்த ஸ்டிக்கருக்குள்ள பட்டரி இல்ல. ரீடர் அனுப்புற ரேடியோ அலையில இருந்துதான் இதுக்கு உயிர். இந்த 860 தொடக்கம் 960 மெகாஹேர்ட்ஸ் அலையைத் தண்ணி குடிச்சுப்போடும், தகரம் திருப்பி அடிக்கும். எங்கட கையும் தண்ணிதானே. நீங்க வைச்சிருக்கிறது மீனும் ஐஸும், ஏத்துறது தகர லொறியில."

போனில பெட்டி நிக்கிற இடம் காட்டும் எண்டதும் பொய்யாம். ரீடர் நிக்கிற வாசலைத் தாண்டினா, தாண்டின நேரம் மட்டும் பதியும். புனானையில லொறி நிக்குதா, ஹபரணையில நிக்குதா எண்டு இந்த ஸ்டிக்கருக்குத் தெரியாது, அதுக்கு ஜிபிஎஸ் வேணும். ஈரத்துக்கும் இரும்புக்கும் எண்டு தடிச்ச உறை போட்ட டேக் வேற இருக்காம். வால்மார்ட்டுக்குச் சாமான் குடுத்த ஆக்களும் தண்ணிச் சாமான், தகர டின் எண்டு இதே கரைச்சல்தான் பட்டதாம். அந்தப் பாதியை எனக்கு வித்தவன் சொல்லல்ல.

அவனுக்குத் தெரியாமல் நடந்தது எண்டு மட்டும் ஆரும் சொல்லாதீங்க. துடைக்கச் சொன்னவன் அவன். விளிம்பில ரெண்டு விரலால தூக்கினவனும் அவன். வாடியில அண்டைக்கு மீன் அடைச்ச பெட்டி நாப்பது கிடந்தது, அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்ல.

சரி, என்னென்ன பாக்கவேணும் எண்டு சொன்னன் தானே. உங்கட சாமானை, உங்கட ஈரத்தோட, உங்கட லொறியில ஏத்திக் காட்டச் சொல்லுங்க, வெறும் பெட்டியில காட்டினா காசு குடுக்காதீங்க. கையில காசு குடுக்கவேண்டாம், தனியாள் கணக்குக்குப் போடவே வேண்டாம். அலை அனுப்புற மிஷின் எண்டா தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுட அனுமதி இருக்கா எண்டு கேளுங்க, நான் கேக்கல்ல. பில் இருந்தா 1977 எண்ட நம்பருக்குக் கோல் எடுத்து பாவனையாளர் அதிகாரசபையில முறைப்பாடு வைக்கலாம். என்னட்ட 185,000க்கு வங்கித் துண்டு மட்டும் கிடக்கு, அதைக் கொண்டு நாளைக்குப் போறன். மற்ற ரெண்டு லட்சத்துக்கு உம்மாதான் சாட்சி.

இன்னும் எழுதக் கிடக்கு, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அறுபது பெட்டியையும் நான்தான் சோக்கால கோடு போட்டு எண்ணவேணும்.