சமையலறை மூலை: சுழல் தட்டா, இழுப்புக் கூடையா, மூடிவிடுவதா?

‘ட’ வடிவச் சமையலறையில் இரண்டு பக்க அலமாரிகளும் வந்து முட்டிக்கொள்ளும் அந்த மூலை எல்லோரையும் படுத்தி எடுக்கிறது. மேடைக்குக் கீழே அலமாரியின் ஆழம் பொதுவாக 60 செ.மீ. ஆக, 60-க்கு 60 சதுரம் ஒன்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. 70 செ.மீ. உயரம் என்று வைத்தால் ஏறக்குறைய 250 லிட்டர் இடம். ஆனால் கை போகாத இடத்தில் எத்தனை லிட்டர் இருந்து என்ன?

வெறும் பலகைத் தட்டு அடித்து விடுவதுதான் செலவு குறைந்த வழி. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. எதை எடுக்கவும் முட்டி போட்டு, டார்ச் அடித்து, முன்னால் இருப்பதையெல்லாம் தரையில் பரப்ப வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கும் அண்டா மாதிரி சாமானுக்கு இது போதும்.

அடுத்தது சுழல் தட்டு, கடைகளில் ‘லேசி சூசன்’ என்பார்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னால் இருப்பது முன்னால் வரும். சின்ன டப்பாக்களுக்கும் பாட்டில்களுக்கும் இதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சதுரத்துக்குள் எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓரங்களில் போய்விடும். நடுவில் தண்டு வைத்த வகை என்றால் அகலமான பாத்திரம் உட்காராது. இன்னொரு தொல்லையை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். வேகமாகச் சுற்றியதில் ஒரு மூடி தட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே சரிந்து செருகிக்கொண்டது. தட்டு அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை. கடைசியில் கரண்டிக் காம்பால் நெம்பித்தான் எடுத்தேன். வாங்குவதானால் விளிம்பு உயர்ந்த தட்டாகப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கதவு இருக்கும் மூலைக்கு இழுப்பு வகைகள்தான் சரி. முந்திரிப்பருப்பு வடிவில் இரண்டு தட்டுகள், இழுத்தால் வளைந்து முழுசாக வெளியே வரும். ‘மேஜிக் கார்னர்’ என்பது வேறு. அதில் முன்கூடைகள் வெளியே வந்து ஒதுங்க, பின்கூடைகள் கதவு வாய்க்கு நகர்ந்து வரும். குனியாமல் எல்லாம் கண்ணில் படும், பார்க்கவும் ஜோர்தான். ஆனால் கூடைகளைத் தாங்கும் சட்டமே கணிசமான இடத்தைத் தின்றுவிடும். அசையும் பாகங்கள் அதிகம், பாரம் ஏற ஏற இழுக்கக் கனக்கும். இரண்டில் ஒன்று என்றால் நான் முந்திரி வடிவத்தைத்தான் எடுப்பேன், அதில் இணைப்புகள் குறைவு.

மூலை டிராயர்? முன்பலகை உள்நோக்கி மடிந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் டிராயர் நேராகத்தானே வெளியே வர முடியும்? அதனால் இருபுறமும் முக்கோணமாக இடம் வீண். அந்தக் காசு அழகுக்குத்தான் போகிறது.

சரி, மூலையை அப்படியே மூடிவிட்டால்? கேட்டதும் மனசு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை, கணக்குப் போடும் வரை. 90-க்கு 90 மூலை அலமாரி வைத்தால், மூலைச் சதுரம் போக அது இரண்டு வரிசையிலும் 30 செ.மீ. பிடித்துக்கொள்ளும். மூடிவிட்டால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. ஃபில்லர் பலகை, அதாவது இடைவெளியை அடைக்கும் பட்டை, போதும். மீதி 25 செ.மீ. இரண்டு பக்கமும் டிராயருக்கு. 60 செ.மீ. டிராயர் 85 ஆகும். குக்கரும் வாணலியும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும், ஒரே இழுப்பில் அடிவரை தெரியும். தினமும் திறப்பது அதைத்தானே. இரண்டு பக்கமும் நீளமான வரிசை இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். சின்னச் சமையலறையில் டிராயருக்கே இடம் இல்லை என்றால் சுழல் தட்டு.

எதை வாங்கினாலும் கதவு வாயை முதலில் அளந்துவிடுங்கள். கீலும் கதவின் தடிமனும் போக உள்ளே மிஞ்சுவதுதான் கணக்கு. அப்புறம் பக்கத்தில் பாத்திரம் கழுவும் மெஷினோ ஓவனோ இருந்தால், அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூலைக் கூடையை இழுக்க முடிகிறதா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள்.