8 ஜிபி வாங்கினது, 5.7 தான் காட்டுது: லினக்ஸில் காணாமல் போன ரேமை எதை வைத்துத் தேடுவது?

போன வாரம் செந்தூலில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மருமகன் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினான். பழைய லேப்டாப், ரைசன் சில்லு, உபுண்டு லினக்ஸ் அவனே போட்டது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 8 ஜிபி, திரையில் 5.7. "மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. லோயாட் போய் ஒரு ரேம் வாங்கிட்டு வந்துரலாமா?" தே தாரிக் ஆறுவதற்குள் விஷயம் தெரிந்துவிடும், கொஞ்சம் பொறு என்றேன்.

இந்தப் பிரச்சினைக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஃப்ரீ (free) கட்டளையைப் பார், டிஎம்ஐடீகோட் (dmidecode) ஓட்டு, டிமெசெக் (dmesg) படி, பின்மூடியைக் கழற்றி ரேமைப் பிடுங்கி மறுபடி செருகு, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிடு. ஐந்தும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி தெரியும், ஆனால் சொல்வதில்லை.

எல்லோரும் முதலில் ஓடுவது ஃப்ரீயிடம். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கைக்கு வந்து சேர்ந்த நினைவகத்தை மட்டும்தான் சொல்லும், மீதி எங்கே என்று அதற்குத் தெரியாது. அதிலும் பாதிப்பேர் 'ஃப்ரீ' என்கிற பத்தியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கிற ரேமைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் அந்த எண் சின்னதாகத்தான் இருக்கும். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதற்கு 'அவைலபிள்' பத்தி, ரேமே குறைகிறதா என்பதற்கு 'டோட்டல்' பத்தி.

டிஎம்ஐடீகோட் வேறு ரகம். நிர்வாகி உரிமை தருகிற சூடோவை (sudo) முன்னால் போட்டு நினைவகப் பகுதியை மட்டும் கேட்டால், எந்த ஸ்லாட்டில் எத்தனை ஜிபி, என்ன வேகம், எந்த ஸ்லாட் காலி என்று வரிசையாகச் சொல்லும். அது ரேமை அளந்து பார்ப்பதில்லை, கணினியை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைத்தான் படிக்கிறது, அந்த அட்டவணை சில மதர்போர்டுகளில் பொய்யும் சொல்லும். இருந்தாலும் நான் இதற்குத்தான் முதல் ஓட்டு போடுவேன். இங்கேயே ரேம் குறைந்தால் கோளாறு பெரும்பாலும் ஸ்லாட்டில், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். இங்கே 8 இருந்து ஃப்ரீயில் மட்டும் குறைந்தால் ரேமை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், மூடியைக் கழற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

மருமகன் கணினியில் 4, 4 என்று இரண்டு வரி வந்தது. கடைக்காரர் பாவம், நல்லவர்.

பிடித்து வைத்திருப்பது யார் என்று சொல்வது டிமெசெக். கணினி எழும்பும்போது கெர்னல் பேசியதெல்லாம் அதில் இருக்கும். இப்போதைய உபுண்டுவில் இதற்கும் சூடோ வேண்டும், நாள்கணக்கில் அணைக்காத கணினியில் பழைய வரிகள் அழிந்திருக்கும், அதனால் ரீபூட் செய்தவுடன் பார்ப்பது நல்லது. நாங்கள் கிராஃபிக்ஸ் நினைவகத்தைக் குறிக்கிற 'விராம்' (VRAM) என்று தேடினோம், கிராஃபிக்ஸ் டிரைவரான ஏஎம்டிஜிபியுவின் வரி ஒன்றில் 2048எம் என்று இருந்தது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினி, அதனால் பயாஸ் ரேமிலிருந்தே 2 ஜிபியைக் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. மிச்சம் 6, அதில் கெர்னலும் மற்ற சில்லறை ஒதுக்கீடுகளும் போக 5.7.

கிராஃபிக்ஸ் காரணமில்லை என்றால் பூட் கட்டளை வரியில் யாராவது ரேமுக்கு வரம்பு வைக்கிற 'மெம்' (mem) அளவு போட்டு மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 32 பிட் கெர்னலாக இருந்து அதிக ரேமைத் தொட உதவும் பிஏஇ (PAE) வசதி இல்லாவிட்டால் 4 ஜிபியைத் தாண்டாது, அந்த நாலும் முழுசாகக் கிடைக்காது. என் மச்சானிடம் இன்டெல் 945 சிப்செட் உள்ள பழசு ஒன்று இருக்கிறது, 4 ஜிபி போட்டாலும் 3 சொச்சம்தான். அதற்கு 64 பிட் போட்டும் பலன் இல்லை, சிப்செட்டின் எல்லையே அவ்வளவுதான்.

மெம்டெஸ்ட்டுக்கு இந்த வேலையில் இடமே இல்லை என்பது என் கட்சி. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து மெம்டெஸ்ட்86+ பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வருகிற கணினிகளிலும் ஓடுகிறது, நல்ல கருவி, ஆனால் அது தேடுவது கெட்டுப்போன ரேமை. கணினி திடீர் திடீரென்று உறைந்து போனால் ஓட்டுங்கள்.

அப்புறம் தீர்வு. பயாஸுக்குள் போய் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் அளவான யூஎம்ஏ ஃப்ரேம் பஃபரை 2 ஜிபியிலிருந்து 512 எம்பிக்கு இறக்கினோம், டோட்டல் 7.2 ஆனது, ஒரு காசு செலவில்லை. தேவைப்பட்டால் டிரைவர் பொது ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதால் யூடியூபுக்கும் அலுவலக வேலைக்கும் 512 போதும். சில லேப்டாப்களில் பயாஸ் இந்த அமைப்பைக் காட்டவே காட்டாது. அப்போது இசட்ரேம் போட்டுச் சமாளிக்கலாம், இருக்கிற ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிற ஏற்பாடு அது, ஃபெடோரா லினக்ஸில் 33-ஆம் பதிப்பு முதல் தானாகவே வருகிறது. அதுவும் போதவில்லை என்றால்தான் லோயாட். வெள்ளியை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் ரேம் போர்டோடு பற்றவைத்ததா, கழற்றக்கூடியதா என்று பார்த்துவிடுங்கள், டிஎம்ஐடீகோட் காட்டிய திரையையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் ரேம் வகை டிடிஆர் 3-ஆ 4-ஆ என்றுதான் முதலில் கேட்பார்கள்.