சேலத்தில் ட்ரெய்லர் ஓட்டப் பழக ஒரு பள்ளி: சேரலாமா?

ஹெவி லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் சேலத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் பின்வண்டி பூட்டிய நிஜ ட்ரெய்லரில் உட்கார வைத்துப் பழக்குகிற இடம் என்று தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். கொண்டலாம்பட்டி பைபாஸைத் தாண்டி நான் சேர்ந்த பள்ளி அப்படிப்பட்ட ஒன்று. பயிற்சி முடிந்து லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது, சேரலாமா என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் எழுதுகிறேன். சேரலாம். ரிவர்ஸும் இறக்கமும் சொல்லிக்கொடுக்கும் விதத்துக்காகவே சேரலாம். மற்றதில் குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் முந்தைய தலைமுறை கிளீனராக ஏறித்தான் தொழில் பழகியது. கண்ணாடி துடைத்து, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, நடு ராத்திரி காலி ரோட்டில் டிரைவர் "கொஞ்ச தூரம் பிடிடா" என்று இறங்கி உட்காரும்போது ஸ்டியரிங் பிடித்து வந்தவர்கள். இன்றைக்கு நெடுந்தூரம் ஓடும் லைன் வண்டிகள் பலவும் கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடுகின்றன, அந்த வழி அடைபட்டுப் போனது. அதனால்தான் பள்ளி தேவைப்படுகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி நிலையம் பல வருடங்களாக இருக்கிறது, போய்வர வசதி உள்ளவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. 20 வயது முடிந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் எடுத்து 1 வருடம் ஆகியிருக்க வேண்டும், அப்புறம்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர் போட முடியும். எட்டாவது பாஸ் என்ற நிபந்தனை 2019-லேயே போய்விட்டது, இன்னமும் அதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருந்தால் நம்பாதீர்கள். டிரான்ஸ்போர்ட் வண்டிக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்து ஓட்டியிருக்க வேண்டும், அதற்குப் பள்ளி கொடுக்கும் சான்றிதழ்தான் படிவம் 5. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுதும் பதிவேடு படிவம் 15. இந்தப் பள்ளியில் எனக்கு முதலில் நம்பிக்கை வந்ததே அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். கேபினில் சும்மா உட்கார்ந்து வந்த நேரத்தைக் கணக்கில் ஏற்றுவதில்லை, நாம் ஓட்டிய நேரம் மட்டும்தான், அன்றன்றைக்கே கையெழுத்து.

ஆரம்பத்தில் வண்டியை ஓட்டவே விடமாட்டார்கள். பூட்டுவதும் கழற்றுவதும்தான். முன்வண்டியைப் பின்னால் எடுத்து கிங்பின் (பின்வண்டியின் அடியில் இருக்கும் இணைப்பு ஆணி) லாக் ஆகிற சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, கீழே குனிந்து டார்ச் அடித்து, அந்த ஆணியைக் கவ்வும் தாடை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் பின்வண்டி பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் சிவப்பு ஹோஸ், மஞ்சள் ஹோஸ், கரன்ட் கேபிள். பின்வண்டி பிரேக்கைப் பிடித்து வைத்துவிட்டு சின்ன கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பார்த்து, பிடி விடவில்லை என்று உறுதியான பிறகுதான் பின்வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளைத் தூக்க வேண்டும். ஏர் பிரேக்கையும் இங்கேதான் புரிந்துகொண்டேன். டேங்கில் காற்று ஏறாமல் பார்க்கிங் பிரேக் விடாது, ஓடும்போது காற்று இறங்கிப்போனால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துவிடும். சிவப்பு ஹோஸை மாஸ்டர் கழற்றிக் காட்டினார், நின்றிருந்த பின்வண்டி புஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு இறுகிவிட்டது. எந்தப் புத்தகமும் அதை இப்படிப் புரியவைக்காது.

ரிவர்ஸ்தான் இந்தப் பள்ளியின் சொத்து. பின்வண்டி வலப்பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அது திரும்ப ஆரம்பித்த உடனே ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி அதன் பின்னாலேயே போக வேண்டும், தாமதித்தால் வண்டி மடங்கிவிடும். கார் ஓட்டியே பழகிய கைக்கு இது அவ்வளவு சுலபத்தில் வராது. முதலில் நேர்கோட்டில் மட்டும் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள். அதுவே பெரிய வேலை, ஏனென்றால் ஸ்டியரிங்கில் ஓர் அங்குலம் அதிகமானாலும் நாற்பதடிக்கு அப்பால் பின்வண்டியின் வால் எங்கேயோ போய் நிற்கும். அடுத்து வலப்பக்கம் வளைப்பது, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பின்சக்கரம் தெரியும். கடைசியாக இடப்பக்கம். வண்டி மடங்கியதும் இடது கண்ணாடியில் கன்டெய்னரின் பக்கச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாஸ்டரின் பாடம் அங்கே ஒன்றே ஒன்று: "தெரியலைன்னா நிறுத்து தம்பி, இறங்கிப் பாத்துட்டு ஏறு. இறங்கறதுல மானம் ஒண்ணும் போகாது." டபுள் கன்ட்ரோல் இருந்தும் அவர் சட்டென்று குறுக்கிட மாட்டார். கோணிக்கொண்டு போனால் போகட்டும், எதனால் கோணியது என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, முன்னால் எடுத்து நேராக்கச் சொல்வார்.

இறக்கத்துக்குத் தொப்பூர். சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் ஏறிப் போய், திரும்பி வரும்போது கணவாயில் இறங்குகிறோம், முதல் முறை மாஸ்டர்தான் ஓட்டுவார், நாம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கத்தை அவர் வேரோடு பிடுங்குகிறார். இப்போதைய பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும்) இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் ஐடிலுக்காவது டீசல் வேண்டும், ஆக மிச்சம் என்பதே பொய்க்கணக்கு. அதோடு பாரத்தை முழுக்க பிரேக் டிரம்மே தாங்க வேண்டி வருகிறது. சூடேறினால் லைனிங் பிடிப்பை இழக்கும், மிதித்து மிதித்து டேங்கில் காற்றும் குறையும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, எந்த கியரில் ஏறுவோமோ அதிலேயே இறங்குவது. லோடோடு சேர்த்து மொத்தம் 55 டன் வரை எடையோடு ஓடும் வண்டிக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. ஏற்காட்டில் பழக்குவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவில் ட்ரெய்லருக்கு ஏது இடம்?

இனி குறைகள். தியரி வகுப்பு சுத்த மோசம், ரோட்டோர எச்சரிக்கை போர்டுகளின் படங்களைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வண்டிக்குப் பல பேர் என்பதால் முறை வரக் காத்திருந்து அலுத்துப்போகும், வேலைக்குப் போகிறவர்கள் அதிகாலை பேட்ச் கேட்டு வாங்குங்கள். ராத்திரி ஓட்டும் பயிற்சியே இல்லை. லைன் வண்டி என்றால் ராத்திரிதானே, இது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது. ஸ்டீல் காயிலை (எஃகுத் தகட்டுச் சுருளை) சங்கிலி போட்டுக் கட்டுவது, சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி ஆவணமான ஈ-வே பில் பார்ப்பது இதெல்லாம் சொல்லித் தருவதில்லை, சேலத்தில் காயில் லோடு ஓடும் அளவுக்கு அது கட்டாயம் வேண்டும். மெடிக்கல் சான்றிதழ், படிவக் கட்டணம் எல்லாம் தனி என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், பாதியில்தான் சொன்னார்கள். இன்னொன்று, ஆர்.டி.ஓ டெஸ்ட் எங்கள் பேட்ச்சுக்குச் சாதா லாரியில்தான் நடந்தது. லைசென்ஸ் மட்டும் போதும் என்கிறவர்கள் ட்ரெய்லர் பயிற்சிக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

கேட்டால் ஒரு நாள் காலை யார்டில் ஓரமாக நின்று பார்க்க விடுகிறார்கள். பணம் கட்டும் முன்னால் போய்ப் பாருங்கள், இடப்பக்க ரிவர்ஸ் எடுக்கும் பேட்ச் என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.