செக்கு மோட்டாருக்கு எந்த மோடு: வி/எஃப், வெக்டார், என்கோடர், டி.டி.சி.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மரச்செக்கு ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த பாடுதான். கடலை பாதி ஆடிய நிலையில் கரண்ட் போய்விட்டால், உலக்கை பிண்ணாக்குக்குள் இறுகி நிற்கும். கரண்ட் வந்ததும் மோட்டார் இழுக்குமா, முக்கிவிட்டு டிரிப் ஆகுமா? மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் டிரைவின் விலையைவிட, அதில் எந்த கன்ட்ரோல் மோடு போட்டிருக்கிறது என்பதே இதை முடிவு செய்கிறது. பல டிரைவ்கள் பெட்டியைப் பிரிக்கும்போது வி/எஃப் (ஹெர்ட்ஸுக்கு இத்தனை வோல்ட்) மோடில்தான் இருக்கும். பேனல் கட்டுபவர் மாற்றாவிட்டால் கடைசிவரை அப்படியேதான் ஓடும்.

5 எச்.பி., 4 போல், 415 வோல்ட், 1430 ஆர்.பி.எம். மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 25 நியூட்டன் மீட்டர். வி/எஃப் மோடில் டிரைவ் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 8.3 வோல்ட் வீதம் கொடுக்கும், அவ்வளவுதான். மேல் வேகத்தில் இதில் குறையில்லை. 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கிடைப்பது 41.5 வோல்ட். அதில் கணிசமான பங்கைக் காயிலின் மின்தடையே தின்றுவிடும். காந்தப்புலம் சுருங்கும், டார்க் அதைவிட வேகமாகச் சரியும். வேகமும் நிலைக்காது. முழு லோடில் ஸ்லிப், அதாவது காந்தப்புலத்தின் வேகத்திலிருந்து மோட்டார் பின்தங்கும் அளவு, சுமார் 70 ஆர்.பி.எம். என்றால், 1500-இல் அது பெரிதாகத் தெரியாது. 5 ஹெர்ட்ஸில் கிடைக்கவேண்டிய 150-இல் 70 போனால் பாதிதான் மிச்சம்.

இதற்கு, குறைந்த வேகத்தில் வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கும் டார்க் பூஸ்ட் இருக்கிறதே என்பார்கள். 3 முதல் 5 சதவீதம் வரை சரி. செக்கு இழுக்கவில்லை என்று 10, 12 என ஏற்றினால் இரும்பு செறிவடைந்து, லோடு இல்லாமலே கரண்ட் ஏறும். சோதிப்பது எளிது: பெல்ட்டைக் கழற்றிவிட்டு 5 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். கரண்ட் நேம்பிளேட் அளவைத் தொட்டால் பூஸ்ட் அதிகம்.

சென்சர் இல்லாத வெக்டார் மோடு கரண்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது: காந்தப்புலத்துக்கு ஒரு பங்கு, டார்க்குக்கு ஒரு பங்கு. 1970-களின் தொடக்கத்தில் சீமன்ஸில் பிளாஷ்கே வகுத்த வழி இது. உலக்கை இறுகிய நேரத்தில், டிரைவ் முதலில் காந்தப்புலத்தை நிரப்பிவிட்டு அதன்பிறகு திருப்பத் தொடங்கும். 1 ஹெர்ட்ஸ் அளவிலேயே நல்ல டார்க் கிடைக்கும். என் கணக்கில் இதைவிடப் பெரிய லாபம் டார்க் லிமிட். 150 சதவீதத்தில் வைத்துவிட்டால், கல் ஏதாவது சிக்கினாலும் கியர்பாக்ஸின் பல் தப்பிக்கும். வி/எஃப் மோடில் வைக்க முடிவது கரண்ட் லிமிட் மட்டும். அது டார்க்கை நேராகப் பிடிக்காது. டிரைவை ஹெவி டியூட்டி ரேட்டிங்கில், அதாவது 150 சதவீதம் 60 விநாடி தாங்குவதாக வாங்குங்கள்.

ஆனால் வெக்டார் மோடுக்கு மோட்டாரைப் பற்றிச் சரியான தகவல் வேண்டும். நேம்பிளேட்டில் உள்ள 1430-ஐப் போடாமல் 1500 என்று போட்டால், டிரைவ் ஸ்லிப்பே இல்லை என்று நம்பிவிடும். பிறகு கணக்கு முழுக்கத் தவறும். வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்.பி.எம்., கிலோவாட் ஐந்தையும் போட்டு, மோட்டார் ஆறியிருக்கும்போது, பெல்ட்டைக் கழற்றி, சுழலும் ஆட்டோ ட்யூன் (டிரைவே மோட்டாரை ஓட்டி அதன் அளவுகளை அறிந்துகொள்வது) செய்யவேண்டும். கியர்பாக்ஸ் நேரடியாகக் கோத்திருந்தால் நின்றபடி ட்யூன் மட்டுமே முடியும். அதில் லோடு இல்லாத கரண்டை டிரைவ் நேரில் அளக்காமல் கணக்கிட்டே போட்டுக்கொள்ளும். காயில் கட்டி வந்த மோட்டாருக்கு மறுபடி ட்யூன் கட்டாயம். கம்பி கேஜும் சுற்றும் மாறியிருந்தால் பழைய அளவுகள் எதுவும் பொருந்தாது. பல பட்டறைகளில் “பழையபடியேதான் கட்டினோம்” என்பார்கள், ட்யூன் செய்துவிடுங்கள்.

என்கோடர் (மோட்டார் தண்டின் சுழற்சியை அளக்கும் சென்சர்) வைத்த வெக்டார் செக்குக்கு வீண் செலவு. சுழற்சியே இல்லாமல் முழு டார்க்கில் பாரத்தைப் பிடித்து நிற்கவேண்டிய இடத்துக்குத்தான் அது: ஹாய்ஸ்ட், லிஃப்ட். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கி கியர் இல்லாத லிஃப்ட் வைத்தால், அங்கே என்கோடர் வேண்டும். 1024 பல்ஸ் என்கோடரின் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போட்டால் சிக்னல் குழம்பும். என்கோடரின் ஏ, பி சிக்னல் வயர்கள் மாறிப்போனால் மோட்டார் மிகமெதுவாக ஊர்ந்துகொண்டு கரண்ட் லிமிட்டில் நிற்கும். உடனே டிரைவைக் குறை சொல்லாமல் அந்த இரு வயர்களை மாற்றிப் பாருங்கள்.

டார்க்கை நேரடியாகக் கட்டுப்படுத்தும் டி.டி.சி. முறையை 1980-களின் நடுவில் ஜப்பானில் தகாஹாஷியும் நொகுச்சியும், ஜெர்மனியில் டெபென்பிராக்கும் தனித்தனியே உருவாக்கினார்கள், ஏ.பி.பி. அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டார்க் சில மில்லி விநாடிகளில் மாறும். பேப்பர் மெஷின், கிரேன் போன்றவற்றுக்கு அது வேண்டும். பிண்ணாக்கு அந்த வேகத்தில் மாறுவதில்லை.

அதற்காக வி/எஃப் மோடை ஒதுக்கவும் வேண்டாம். ஒரே டிரைவில் இரண்டு மூன்று மோட்டார் ஓட்டினால் வேறு வழியில்லை. வெக்டார் ஒரு மோட்டாருக்கான கணக்கு. அப்போது ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஓவர்லோடு ரிலே வையுங்கள். ஃபேனுக்கும் பம்புக்கும் வி/எஃப் போதும்; 80 சதவீத வேகத்தில் ஃபேன் எடுப்பது ஏறத்தாழ பாதி மின்சாரம்தான். ஆழமான போர்வெல்லில் இந்தக் கணக்கு நடக்காது. வேகம் குறைந்தால் தண்ணீரே மேலே வராது.

லைன் வோல்டேஜ் 360-க்கு இறங்கினால் எந்த மோடாக இருந்தாலும் 43 ஹெர்ட்ஸுக்கு மேல் முழு டார்க் கிடைக்காது. எண்ணெய் சூடாகக்கூடாது என்று 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாள் முழுக்க ஆட்டினால், மோட்டார் பின்னாலுள்ள விசிறியும் அதே மெதுவில்தான் சுற்றும். அங்கே தனி சப்ளையில் ஓடும் விசிறி ஒன்றை மாட்டுங்கள், அல்லது கியர் விகிதத்தை மாற்றி மோட்டாரை 35, 40 ஹெர்ட்ஸில் ஓடவிடுங்கள். இரண்டில் கியரை மாற்றுவதே மேல். உலக்கைக்குக் கிடைக்கும் டார்க்கும் கூடும்.