கேனன் எம்50 இருக்க ஆர்50 எதற்கு? கடலூரிலிருந்து ஒரு ஒப்பீடு

படம் மட்டும் எடுப்பவர், அதுவும் பகல் வெளிச்சத்தில் எடுப்பவர் என்றால், 2018-இல் வந்த கேனன் எம்50 கேமராவுக்கும் 2023-இல் வந்த ஆர்50-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார்தான் (ஒளியைப் படமாக்கும் சில்லு, ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய அளவைவிடச் சின்னது), ஒன்றில் 24.1 மெகாபிக்சல், இன்னொன்றில் 24.2. சில்வர் பீச்சில் காலை வெயிலில் ஒரே படகை இரண்டிலும் எடுத்து வீட்டில் காட்டினேன், எது எதில் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கே கோப்பின் பெயரைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஆனாலும் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல வாய் வராது. ஏனென்றால் விஷயம் முழுக்க வீடியோவிலும் ஃபோகஸிலும் இருக்கிறது, எல்லாவற்றையும்விட லென்ஸ் மாட்டுகிற அந்த வளையத்தில் இருக்கிறது.

எம்50 என்னுடையது, பல வருடமாகக் கையில் இருக்கிறது. எனக்குத் தொழில் வேறு, சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து என்று வந்தால் கூப்பிடுவார்கள், போய் எடுத்துக் கொடுப்பேன். ஆர்50 என் சித்தப்பா மகனுடையது, புதுச்சேரியில் இருக்கிறான். விசேஷங்களுக்குச் சேர்ந்தே போகிறோம், அங்கே மாற்றி மாற்றிப் பிடித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. கடலூர்க்காரர்கள் இன்னமும் ‘பாண்டியில் வரி கம்மி’ என்று பஸ் ஏறுகிறார்கள். வாட் இருந்த காலத்தில் அது சரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். கடைக்காரர் தானாகத் தள்ளுபடி கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் போன வண்டிக்குப் பெட்ரோல் போட்டதுதான் மிச்சம்.

சரி, வீடியோவுக்கு வருவோம். எம்50 பெட்டியிலும் 4கே என்று எழுதியிருக்கும், அதை நம்பி வாங்கியவர்கள் நிறைய. 4கே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு மாற்றியவுடன் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஏறத்தாழ 1.6 மடங்கு கூடுதல் கிராப், அதாவது ஓரங்கள் வெட்டுப்பட்டுக் காட்சி குறுகிவிடும். ஏபிஎஸ்-சி-யின் கிராப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் கேமராவோடு சேர்த்து வருகிற கிட் லென்ஸின் 15 மி.மீ., ஃபுல் ஃபிரேம் கணக்கில் 38 மி.மீ. ஆகிவிடும், இந்த எண் ஏற ஏறப் பார்வை குறுகும். இரண்டு வீட்டுச் சொந்தமும் வரிசையாக நிற்கும்போது நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டே பின்னால் போக வேண்டியதுதான், கல்யாண மண்டபத்தில் போகலாம், மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு ஹாலில் நடக்கிற வளைகாப்பில் எங்கே போவது, பின்னால் சுவர்தான். இதைவிட மோசம் ஃபோகஸ். அந்த மாடலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ், அதாவது தேடாமல் சட்டென்று ஃபோகஸ் பிடிக்கிற முறை, 4கே-யில் அது வேலை செய்யாது. கான்ட்ராஸ்ட் முறைக்கு இறங்கிவிடும், முன்னும் பின்னும் போய்த் தேடித்தான் பிடிக்கும், ஆரத்தித் தட்டோடு ஒருவர் முன்னே வந்தால் முகம் தெளிந்து மங்கித் தெளியும். அதனால் எம்50 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 1080பி-யோடு நிறுத்திக்கொள்கிறோம். அதில் நொடிக்கு 60 பிரேம் வரை டூயல் பிக்சல் ஒழுங்காக ஓடுகிறது, போனில் பார்க்கிற அத்தை மாமாக்களுக்கு அது போதும்.

ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் 6கே அளவில் படித்து, அதை 4கே-யாகச் சுருக்கித் தருகிறது, நொடிக்கு 30 பிரேம் வரை, கிராப் இல்லாமல், ஃபோகஸ் எதையும் விட்டுக்கொடுக்காமல். பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். எம்50-இன் 1080-இல் பட்டுப்புடவைக் கரை ஒரே மஞ்சள் பட்டையாக ஓடுகிற இடத்தில், இதில் ஜரிகையின் நூல் தெரிகிறது. எம்50-இல் ஒரே ஷாட் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும், ஆர்50-இல் ஒரு மணி நேரம் வரை போகிறது. நலங்கு வைக்க ஆரம்பித்தால் பெரியவர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, முக்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவருக்கு அந்த அரை மணி நேரம் பெரிது.

கிட் லென்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதன் கிட் லென்ஸ் 15-45, புதியதன் கிட் லென்ஸ் 18-45. மூன்று மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் அகலப் பக்கத்தில் அது பெரிய இழப்பு, புகைப்படத்தில் 24-க்குப் பதில் 29 மி.மீ. பார்வைதான் கிடைக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை எதிரே தெருவில் நின்று எடுக்கும்போது எம்50 முழுசாக வாங்கிக்கொள்கிறது, ஆர்50-க்கு இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கிறது, பின்னால் போனால் ஆட்டோக்கள் உள்ளே வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் 4கே வீடியோவில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே பழையது 38, புதியது அதே 29. இரண்டு கிட் லென்ஸுமே வெளிச்சம் குறைவாக வாங்குபவை, புதியது 18-இலேயே எஃப்/4.5-இல்தான் ஆரம்பிக்கிறது (இந்த எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக வரும்). மாலை விசேஷத்துக்கு எதுவும் ஆகாது, ஜூம் இல்லாத, வெளிச்சம் அதிகம் வாங்குகிற ஒரு பிரைம் லென்ஸ் கட்டாயம் வேண்டும்.

ஃபோகஸில்தான் ஐந்து வருட வளர்ச்சி கையில் தெரிகிறது. எம்50 கண்ணைக் கண்டுபிடிக்கும், ஆனால் ஆள் அசையாமல் நிற்கிற ஒன்-ஷாட்டில் மட்டும், ஓடுகிற ஆளைத் துரத்துகிற சர்வோவில் முகத்தோடு சரி. (2020-இல் வந்த எம்50 மார்க் 2-இல் இதைச் சரிசெய்தார்கள், மற்றபடி அது பெயரளவில்தான் புதுசு, 4கே-யில் இருந்த கோளாறு அப்படியே இருந்தது.) ஆர்50 மனிதர், நாய், பூனை, பறவை, குதிரை, வண்டி என்று தானே இனம் கண்டு பிடித்துக்கொள்கிறது. ஊசுட்டேரியில் 55-210 லென்ஸை மாட்டி நீர்க்காகத்தை எடுத்துப் பார்த்தோம், அது முங்கி வேறோரிடத்தில் தலை தூக்கியதும் கட்டம் போய் அதன் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. எம்50-இல் அந்த மாதிரிப் படம் வேண்டுமென்றால் பொறுமையும் பழக்கமும் வேண்டும், அதிர்ஷ்டமும் கொஞ்சம். அலைக்கு ஓடி அலைக்குத் திரும்புகிற குழந்தைகளை எடுப்பதும் இப்படித்தான். ஆனால் வில்லியனூர் தேர் மாதிரிக் கூட்டத்தில் எந்த முகம் வேண்டும் என்று திரையில் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது, இல்லையென்றால் அது தன் விருப்பத்துக்கு ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றி விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வார்கள், எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 15 படம் என்று. உண்மைதான், ஆனால் ரா-வில் (பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் ஒரு நொடிக்குள் உள்நினைவு நிரம்பி மூச்சு வாங்கும். அப்புறம், எலக்ட்ரானிக் ஷட்டரில் பறக்கிற சிறகு வளைந்து விழும், மண்டபத்து எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக வரக்கூடும். சத்தமில்லாமல் எடுக்கலாம் என்பார்கள், கெட்டிமேளம் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? விசேஷத்துக்கு நொடிக்கு 12 படம் வருகிற மற்ற ஷட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். எம்50-இல் ஃபோகஸைப் பூட்டிவிட்டால் 10, துரத்தினால் 7.4.

ஆர்50-இல் எனக்குப் பிடிக்காத இடம் தலையில் இருக்கிறது. அங்கே ஃப்ளாஷ் மாட்டுகிற ஷூவில் புதுவகை டிஜிட்டல் இணைப்பு மட்டும்தான். கேனனின் பழைய ஸ்பீட்லைட் ஃப்ளாஷை மாட்டக்கூட ஏடி-இ1 என்ற அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். எம்50-இல் அந்தத் தொல்லை இல்லை, அண்ணன் கொடுத்த பழைய ஃப்ளாஷ், கடன் வாங்கிய ட்ரிகர் எல்லாம் நேரே உட்காரும். விசேஷம் எடுக்கிறவருக்கு ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது, அதனால் ஆர்50 வாங்கும் செலவில் இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இப்போது மவுண்ட், அதாவது முதலில் சொன்ன அந்த லென்ஸ் வளையம். புதிய கேமரா வந்த வாரத்தில் தம்பி கேட்டான், “அண்ணே, உன்னோட 22 மி.மீ. லென்ஸைக் கொடு, என்னோடதுல போட்டுப் பாக்குறேன்.” போட முடியாதுடா என்றால் நம்பவில்லை, இரண்டும் கேனன்தானே, அடாப்டர் இருக்கும் என்றான். கிடையாது, வருவதற்கும் வழி இல்லை. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் எம்50-இன் இஎஃப்-எம் மவுண்டில் 18 மி.மீ., ஆர்50-இன் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ. பழைய லென்ஸைப் புதிய பாடியில் நேரடியாக வைத்தாலே 2 மி.மீ. கூடுதலாகத் தள்ளி நிற்கும், நடுவில் அடாப்டரை எங்கே வைப்பது? 2012-இல் முதல் எம் கேமராவோடு தொடங்கிய இந்த வரிசைக்கு மொத்தமே 8 லென்ஸ்தான் கேனன் போட்டது, 2023-இல் கடையைக் கட்டிவிட்டது. எம்50 வாங்குகிறவர் அதற்கென்று வாங்குகிற ஒவ்வொரு இஎஃப்-எம் லென்ஸும் அந்தப் பாடியோடுதான் வாழ வேண்டும்.

அதற்காக எம்50-ஐத் தொடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இஎஃப்-எம் 22 மி.மீ. எஃப்/2 மாதிரி ஒரு லென்ஸ், பிஸ்கட் கனத்தில், 35 மி.மீ. பார்வையோடு, இரவிலும் வேலை செய்கிற மாதிரி, ஆர்எஃப் பக்கம் அதே பார்வையில் அதே சின்ன உருவத்தில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. ஆர்எஃப் 28 மி.மீ. எஃப்/2.8 ஒல்லிதான், ஆனால் இதில் மாட்டினால் 45 ஆகிவிடும், வெளிச்சமும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, குறைவு. ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களுக்கு நடுவே நடந்து, அப்படியே பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்து மீன் விற்கிற அக்காவிடம் ‘ஒரு போட்டோ எடுத்துக்கவா’ என்று கேட்டு எடுக்கிற வேலைக்கு, எம்50-உம் 22-உம் போதும், பெரிய கேமரா என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் இரண்டையும் சேர்த்து ஒருவர் கொடுத்தால், இதற்கு மேல் லென்ஸ் வாங்கும் ஆசை உங்களுக்கு இல்லை என்றால், தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது லென்ஸை விளக்குக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் கடற்காற்றில் அலமாரியில் வைத்துவிட்டால் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிற வழக்கம் விற்பவருக்கு உண்டா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். திரையைத் திருப்பி மடக்கி, எல்லாக் கோணத்திலும் படம் வருகிறதா என்றும் பாருங்கள்.

லென்ஸைச் சேர்த்துக்கொண்டே போகிற ஆள் என்றால் ஆர்50 பக்கம் போய்விடுவதே நல்லது. ஆரம்பத்தில் ஆர்எஃப்-இல் இந்தச் சின்ன சென்சாருக்கு லென்ஸ் குறைவு என்று எல்லாரும் குறை சொன்னோம், 2024-இல் சிக்மாவும் டாம்ரனும் உள்ளே வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. சிக்மா 18-50 எஃப்/2.8 ஒன்றை மாட்டினால் கிட் லென்ஸைத் திரும்ப எடுக்கத் தோன்றாது, எஃப்/1.4 வேண்டுமென்றால் 16, 23, 30, 56 என்று வரிசையாக இருக்கிறது. வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆரின் இஎஃப் லென்ஸ் இருந்தால் அது இரண்டு பாடியிலும் வேலை செய்யும், ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவை சின்ன விஷயங்கள். எடை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், 400 கிராமுக்குள். வியூஃபைண்டரும் ஒரே தரம். மைக் துளை இரண்டிலும் உண்டு, ஹெட்போன் துளை இரண்டிலும் கிடையாது. எம்50 பேட்டரி ஒரு முறை சார்ஜ் செய்தால் 235 படம் என்று கேனனே சொல்கிறது, விசேஷத்துக்கு இன்னும் இரண்டு பேட்டரி பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆர்50 பேட்டரி அதைவிடத் தாங்குகிறது, யூஎஸ்பி-சி-யில் நேரே சார்ஜும் ஏறும். மழைக்கும் தூறலுக்கும் பாதுகாப்பு இரண்டிலும் இல்லை, கார்த்திகை அடைமழையில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வெளியே எடுக்க வேண்டாம். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றவும் வேண்டாம், மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே மறைக்கக் கண்ணாடி கிடையாது, மணல் நேரே சென்சாருக்குத்தான் போகும்.

ஒன்று மட்டும் கவனம். ‘இதுவும் ஆர்தான், இதுவும் 2023-தான், விலை கம்மி’ என்று கடையில் ஆர்100-ஐ எடுத்து வைப்பார்கள். மவுண்ட் புதுசு, உள்ளே இருப்பது எம்50-இல் இருந்த அதே டிஜிக் 8 பிராசஸர், 4கே-யில் அதே மாதிரி கிராப், அதே கான்ட்ராஸ்ட் ஃபோகஸ். எம்50-இல் இருந்த தொடுதிரையைக்கூட எடுத்துவிட்டார்கள், திரை திரும்பவும் செய்யாது. பெட்டியில் எழுத்து சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம், டிஸ்ப்ளே பீஸை வாங்கித் திரையில் விரலால் தட்டுங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது ஆர்100.