தெருவுக்கு வேகத்தடையா, மேடான நடைக்கடவையா?

குறுக்கு வழி என்று வண்டிகள் பறக்கும் குடியிருப்புத் தெருவில் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தடைதான். செலவு குறைவு, ஒரே இரவில் போட்டுவிடலாம். ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்: சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி சொன்னது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அதில் வண்டி மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஏறி இறங்கும். நாம் பார்ப்பதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும் தார் மேடு, பெயிண்டும் இல்லை, விளக்கும் இல்லை, இரவில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருபவர் தூக்கி எறியப்படுகிறார்.

மேடான நடைக்கடவை என்பது நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. மேலே தட்டை, இரு பக்கமும் சரிவு. வண்டியும் மெதுவாகும், அப்புறம் முக்கியமாக, முட்டி வலிக்கும் பாட்டியும் சக்கர நாற்காலியில் வருபவரும் இறங்கி ஏறாமல் கடக்கலாம். செலவு அதிகம்தான். ஓரத்தில் மழைநீர் போக வழி விடாவிட்டால் தண்ணீர் தேங்கும்.

சரி, பள்ளி வாசலுக்கும் பால் பூத்துக்கும் நான் மேடான நடைக்கடவையைத்தான் கேட்பேன். கடப்பவர்கள் குறைந்த நீளமான தெருவுக்கு அளவுப்படி போட்ட வேகத்தடை போதும், வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் மட்டும் கட்டாயம் வேண்டும்.